சிக்கந்தர் பாயின் பிக்கப்புக்குப் பெட்ரோல் வந்து சேர்ந்த கதை

ஊத்துக்கானலில் சிக்கந்தர் பாயின் பிக்கப்புக்குப் பெட்ரோல் ஒரு நாள் தாமதமாக வந்து சேர ஆரம்பித்தது மலையெல்லாம் ஆரஞ்சு காய்த்துக் கிளை முறிந்த மாதத்தில்தான் என்று ஒரு கட்சியும், இல்லை, அது சௌசௌப் பந்தலெல்லாம் காற்றில் விழுந்த மாதம் என்று இன்னொரு கட்சியும் இன்றைக்கும் டீக்கடையில் மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் வண்டி அப்படி ஓடியது உண்மைதானா என்று வெளியூர்க்காரன் யாராவது கேட்டுவிட்டால், இரண்டு கட்சியும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு அவனைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். ராணுவம் ஏலத்தில் விட்ட பெட்ரோல் ஜீப்பை வாங்கி, பின்பக்கத்தை அறுத்து, மரச்சட்டமும் தகரமும் அடித்துப் பிக்கப் ஆக்கிய வண்டி அது. மலைவாழைத்தார், பட்டர் பீன்ஸ், சௌசௌ, காப்பிக்கொட்டை, எலுமிச்சை என்று எங்கள் மலையில் விளைந்த எதுவும் அந்த வண்டியில் ஏறாமல் வத்தலக்குண்டு சந்தையைப் பார்த்ததில்லை.

முதல் நாள் நடந்தது இவ்வளவுதான். விடியலில் சரக்கெல்லாம் ஏற்றிய பிறகு பாய் சாவியைத் திருகினார், சோக்கை இழுத்தார், ஆக்சிலேட்டரை மிதித்தார், ஒன்றுமில்லை. கோபத்தில் முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார், அப்போதும் ஒன்றுமில்லை. சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனார். மறுநாள் அதே விடியலில், பாய் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, ஆளில்லாத வண்டி கொட்டகையில் உறுமிக் கிளம்பி, நாலடி முன்னால் குதித்து, அவர் மனைவி ஜொகராவின் கோழிக்கூட்டில் முட்டி நின்றது.

"மச்சான், வண்டிய எடுக்குறப்ப முன்னாடி என்ன இருக்குன்னு பாத்து எடுக்கக் கூடாதா?" என்று அடுக்களையிலிருந்து ஜொகரா கத்தினாள். சொந்த மாமன் மகன் என்பதால் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"நேத்தே எடுத்துட்டேன் ஜொகரா" என்றார் பாய், வாய் நிறைய நுரையோடு.

பஸ் நிற்கும் இடத்தில் பட்டறை வைத்திருந்த பவுல்ராஜை அழைத்து வந்தார்கள். மலையில் உள்ள எல்லா வண்டியையும் அதன் சொந்தக்காரரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே பழுது பார்ப்பவர் அவர். "பெட்ரோல் வராத வண்டிக்கு சீக்கு மூணு எடத்துலதான் பாய் இருக்கும். டேங்கு, பம்ப்பு, கார்பரேட்டரு. அங்க இல்லன்னா டிரைவரோட மண்டையில இருக்கும்" என்று சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்தார். டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்காது என்று அதை ஊசியால் குத்தினார். பம்ப்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் டயாபிரம் என்கிற சவ்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓட்டை இல்லாவிட்டாலும் புதிது போட்டார். கார்பரேட்டரைக் கழற்றி, ஊசித்துளை உள்ள பித்தளை ஜெட்டுகளைப் பெட்ரோலில் ஊறவைத்து, வாயால் ஊதி, சூரியனுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். மிதவையைக் காதருகே குலுக்கி உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றையும் மாட்டி, திருகி, மிதித்துப் பார்த்து, வண்டி மூச்சு விடாததால் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் பட்டறையில் அவர் இட்லி தின்றுகொண்டிருக்கும்போது, முந்தின நாள் அவர் மிதித்த மிதிகளையெல்லாம் பாயின் கொட்டகையில் வண்டி ஒன்று விடாமல் உறுமியது. தெருவே கேட்டது. பவுல்ராஜும் கேட்டார், இட்லியை வைத்துவிட்டார்.

கடைசியில் பெரிய வைத்தியம் செய்தார். ஒரு கேனில் பெட்ரோல் ஊற்றி வண்டியின் கூரைமேல் கட்டி, அதிலிருந்து ஒரு டியூபை நேராகக் கார்பரேட்டரில் சொருகிச் சாவியைத் திருகினார். வண்டி அப்போதே, அந்த நிமிஷமே, நல்ல பிள்ளையாகக் கிளம்பியது. டியூபை எடுத்து, பம்ப்புக்கு வரும் வாயில் சொருகினார், அப்போதும் கிளம்பியது. அதைப் பிடுங்கிவிட்டுப் பழையபடி டேங்க் பைப்பை மாட்டியதும் செத்துப்போனது.

"கார்பரேட்டரு சுத்தம். பம்ப்பு சுத்தம்" என்றார் பவுல்ராஜ், வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு. "டேங்குல இருந்து பம்ப்புக்கு வருது பாருங்க இந்தச் செம்புப் பைப்பு, இதுக்குள்ளதான். பெட்ரோலு ஒரு நா தங்கிட்டு வருது."

"அடச்சிருக்கா பவுலு?"

"அடைக்கல பாய். தங்குது. ரெண்டும் வேற வேற."

அந்த அளவில் செம்புப் பைப் வத்தலக்குண்டில் கிடைக்கவில்லை, மதுரைக்குச் சொல்லிவிட வேண்டியிருந்தது. மதுரைக்காரன் நாளை அனுப்புகிறேன், நாளை அனுப்புகிறேன் என்று சொல்லிச் சொல்லி ஒரு வழியாக அனுப்பியபோது, ஊத்துக்கானல் அந்த வண்டிக்குப் பழகிவிட்டிருந்தது. பழகிய செருப்பைக் கழற்ற யாருக்கு மனசு வரும்? புதுப் பைப் பவுல்ராஜின் பட்டறை ஆணியில் தொங்கியது.

எப்படிப் பழகினோம் என்றால், பாய் முந்தின நாள் விடியலில் அசையாத வண்டியில் உட்கார்ந்து மறுநாளைய சந்தைப் பயணத்தை முழுவதும் ஓட்டினார். கிளட்ச், கியர், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஸ்டீயரிங், எந்தெந்த வீட்டு வாசலில் சரக்கு ஏற வேண்டுமோ அங்கெல்லாம் பிரேக், ஏற்றி முடிக்கும்வரை பொறுமை, பிறகு மறுபடி முதல் கியர். இதற்கு எங்கள் ஊரில் ஓட்டி வைப்பது என்று பெயர் வந்துவிட்டது, ஊறுகாய் போட்டு வைப்பது மாதிரி. மறுநாள் வண்டி அதையெல்லாம் அப்படியே செய்தது. பெட்ரோல் தாமதமாக வந்தால் என்ஜின் தாமதிக்கலாம், ஸ்டீயரிங்கும் பிரேக்கும் ஏன் தாமதிக்க வேண்டும் என்று வெளியூரிலிருந்து வந்த டீச்சர் ஒருத்தி கேட்டாள். என்ஜின் ஒரு வீட்டுக்கு மாமியார் மாதிரி, அது எழுந்திருக்கிற நேரத்துக்குத்தான் மற்றதெல்லாம் எழுந்திருக்கும் என்று பவுல்ராஜ் சொன்னதில் டீச்சருக்கும் திருப்தி, எங்களுக்கும் திருப்தி. பாட்டரியில் வேலை செய்கிற ஹார்ன் மட்டும் யாருக்கும் கட்டுப்படாமல் அன்றன்றைக்கே ஒலித்தது. இன்றைய வண்டி மலை இறங்கும்போதே பாய் அதில் உட்கார்ந்து நாளைய வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பார். இரண்டு நாளும் ஒரே பாதை என்றால் வித்தியாசம் தெரியாது, நாளைக்கு வேறு பக்கம் போக வேண்டியிருந்தால் அவர் கை இடது பக்கம் ஒடிக்க வண்டி வலது பக்கம் திரும்பும், பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அவரவர் சாமியைக் கூப்பிடுவார்கள்.

அந்த வண்டியால்தான் ஊரே சொன்ன சொல் காக்கிற ஊராக மாறியது. மலைக்காரர்கள் இந்தா வர்றேன் என்று சொன்னால் அதற்கு இன்றைக்குள் வருவேன் என்று அர்த்தம் இல்லை, உயிரோடு இருந்தால் வருவேன் என்றுதான் அர்த்தம். அப்படிப்பட்ட நாங்கள், நாளை விடியலில் நாலு தார் வாழையோடு வாசலில் நிற்பேன் என்று பாயிடம் சொல்லிவிட்டால் நின்றோம். ஏனென்றால் நிற்காவிட்டாலும் வண்டி வந்து நிற்கும், காலியான வாசலுக்கு முன்னால் எல்லோரும் பார்க்க உறுமிக்கொண்டு நிற்கும், அந்த அவமானம் எந்தக் குடும்பத்துக்கும் வேண்டாம். மாட்டைச் சாலையில் கட்டுவதை நிறுத்தினோம். கல்யாண ஊர்வலம் எந்தத் தெருவில் எந்த நேரம் வரும் என்று பாயிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் பத்திரிகை அடித்தோம். கீழே செக்போஸ்ட்டில் கை காட்டியும் நிற்காமல் போன வண்டியைத் துரத்தி வந்த போலீஸ்காரரிடம், "நிறுத்தணும்னா முந்துன நாளே சொல்லிருங்க சார், நான் பிரேக் போட்டு வச்சிர்றேன்" என்று பாய் மரியாதையாகச் சொன்னார். அவரும் மறுநாள் மரியாதையாக மலையேறி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

வருஷம் போகப் போகத் தாமதம் நீண்டது. ஒரு நாள் இரண்டானது, இரண்டு வாரமானது. பழைய பெட்ரோல் பிசினாகிப் பைப்பில் படிகிறது, சுத்தம் செய்யவா என்று பவுல்ராஜ் கேட்டபோதெல்லாம், இப்போது செய்தால் ஏற்கெனவே ஓட்டி வைத்ததெல்லாம் வீணாகிவிடும், ஜனங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று பாய் மறுத்துவிட்டார். நாள் தள்ளியதே தவிர நேரம் தள்ளவில்லை. விடியலில் ஓட்டி வைத்தது விடியலில்தான் வரும். கடைசியில் தாமதம் ஏறக்குறைய ஒன்றரை மாதம் என்று ஆனபோது, ஒன்றரை மாதம் கழித்து வரப்போகும் வண்டிக்குக் காய் ஆகும்படி கணக்குப் பார்த்து நாங்கள் அவரைக்கொடி நட்டோம். பண்டாரம் மகளுக்குப் பிரசவ வலி எடுக்கும் நாளை நர்சம்மா குறித்துக் கொடுக்க, பாய் ஒன்றரை மாதத்துக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரிக்கு ஓட்டி வைத்தார். குழந்தையும் சொல் தவறவில்லை. அந்த நாட்களுக்குப் பிறகு நாங்கள் யாரும் யாருக்கும் அப்படி நேரம் தவறாமல் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை சந்தை வண்டி கிடையாது. அன்று பிற்பகல் அசர் தொழுகை முடிந்து வந்து பாய் வண்டியில் உட்கார்ந்துகொண்டு ஜொகராவைக் கூப்பிடுவார். பிள்ளை இல்லாத வீடு அது. அவர்களுக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் பிள்ளை. அவள் இடது பக்கம் ஏறி உட்கார்ந்து எந்த ஊர், எந்தப் பாதை என்று சொல்வாள், அவர் அதை ஓட்டி வைப்பார், அசையாத வண்டியில் இருவரும் கோழிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு கதை பேசுவார்கள். ஒன்றரை மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அதே இருவரும் ஏறிக்கொள்ள, என்றைக்கோ கேட்ட இடத்துக்கு வண்டி அவளைக் கூட்டிப் போகும்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை பாய் இறந்துபோனார். அன்றும் கூப்பிட்டார், ஜொகரா இந்தா வர்றேன் என்றாள். அவள் வெளியே வந்தபோது ஸ்டீயரிங்கில் ஒரு கையும் கியரில் ஒரு கையும், ஆக்சிலேட்டர்மேல் காலுமாக அவர் உட்கார்ந்த வாக்கில் அடங்கியிருந்தார். மறுநாள் மதியம் லுஹர் தொழுகைக்கு முன்னால் அடக்கம் செய்தோம்.

அடுத்த சந்தை நாள் விடியலில் துக்கத்தில் யாரும் சரக்கு எடுத்து வைக்கவில்லை. ஆனால் வண்டி வந்தது. ஓட்டுநர் இருக்கை காலி. ஒவ்வொரு வாசலிலும் நின்று, யாரும் ஏற்றாத சரக்குக்காகப் பொறுத்திருந்து, பிறகு முதல் கியரில் நகர்ந்து போனது, நாங்கள் தூக்கக் கலக்கத்தில் வெறுங்கையோடு நின்று தலைகுனிந்தோம். அதற்கடுத்த சந்தைக்கு ஒருவர் தவறாமல் சரக்கோடு நின்றோம். காலி இருக்கையைப் பார்த்து வணக்கம் சொன்னவர்கள் சொன்னார்கள், சலாம் சொன்னவர்கள் சொன்னார்கள். செத்தும் சந்தைக்குப் போகிறவர் எங்கள் பாய் ஒருத்தர்தான் என்று வத்தலக்குண்டு தரகுக் கடைகளில் பேசிக்கொண்டார்கள். நடுவில் வந்த வெள்ளிக்கிழமைகளில், ஜொகரா வீட்டுக்குள்ளேயே இருந்ததால், வண்டி காலியாகவே அவள் என்றைக்கோ கேட்ட இடத்துக்குப் போய்த் திரும்பியது. ஓட்டி வைத்த சந்தைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. கடைசிச் சந்தை அன்று பள்ளிக்கூட பஸ் மூங்கில் வளைவில் பஞ்சராகிக் குறுக்கே நின்றிருந்தது. பாய்க்கு அது எப்படித் தெரியும்? எல்லோருமாகச் சேர்ந்து பஸ்ஸைப் பின்னுக்குத் தள்ளினோம், பிக்கப் நூலிழையில் ஒதுங்கிப் போனது.

அதற்கு மறுநாள்தான் பாயின் தம்பி ஜெய்லானி, பவுல்ராஜையும் ஆணியில் தொங்கிய புதுப் பைப்பையும் அழைத்துக்கொண்டு வந்தார். கணவன் இறந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருக்கும் இத்தாவில் இருந்தாள் ஜொகரா. சன்னலுக்கு உள்ளே அவளுடைய வெள்ளைச் சேலை மட்டும் தெரிந்தது.

"மதினி, இது ஆகாது" என்றார் ஜெய்லானி. "சந்த வண்டியெல்லாம் முடிஞ்சிருச்சு. மிச்சம் இருக்கறது அந்த வெள்ளிக்கெழம ஒண்ணுதான். அது எந்தப் பாதைன்னு யாருக்குந் தெரியாது. நேத்துப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகியிருந்தா? பைப்ப மாத்திப்புடுவோம்."

பவுல்ராஜ் வண்டிக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்திருந்தார்.

"பவுலு, ஸ்பேனரக் கீழ வையி" என்றாள் ஜொகரா. "அன்னைக்கி என்னையக் கூப்புட்டாரு. நான் இந்தா வர்றேன்னு சொல்லிட்டு, அந்த ஊதாச் சேலைய எடுத்துக் கட்டலாம்னு உள்ள போனேன். ஜாக்கெட்டு கெடைக்கல. பொட்டி பூராக் கொட்டித் தேடுனேன். வந்து பாத்தா கால் ஆக்சிலேட்டர்ல இருக்கு, உசுரு இல்ல. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். வரவர இவளுக்கு ரொம்பத்தான்னு கோவிச்சுக்கிட்டு, என்னைய விட்டுட்டுப் போயிட்டாரா, இல்லையா? அது அந்தப் பைப்புக்குள்ள இருக்கு. அத வழிச்சுக் கீழ ஊத்திட்டா நான் யார்கிட்டப் போய்க் கேப்பேன்?"

பவுல்ராஜ் வெளியே ஊர்ந்து வந்து, ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"வண்டி வரட்டும். நானும் ஏறுவேன்" என்றாள் அவள்.

இப்போது விஷயம் பள்ளிவாசல் அஜ்ரத்திடம் போனது. இத்தாவில் இருப்பவள் வண்டி ஏறலாமா? கணவனோடுதானே போகிறாள் என்றார் ஒருவர். அவர்தான் மௌத்தாகிவிட்டாரே என்றார் இன்னொருவர். மௌத்தானவர் எப்படி வண்டி ஓட்டுவார், ஓட்டுகிறவர் இருக்கும்போது இவள் எப்படி இத்தா இருப்பாள் என்று மூன்றாமவர் ஆரம்பிக்க, அஜ்ரத் கையை உயர்த்தி அவரை உட்கார வைத்தார். இரண்டு நாள் கிதாபுகளைப் புரட்டினார். பிறகு ஜொகராவின் சன்னலுக்கு வந்து, முதுகைக் காட்டி நின்றுகொண்டு சொன்னார்.

"வீட்ட விட்டுப் போகக் கூடாதுங்கறதுதான் சட்டம்மா. வண்டி உங்க காம்பவுண்டுக்குள்ள நிக்கிற வரைக்கும் அதுவும் வீடுதான், ஏறிக்கலாம். கேட்டத் தாண்டிருச்சுன்னா அது வெளிய போனதுதான். அப்பறம் உங்களுக்கும் அல்லாவுக்கும்."

"தாண்டுச்சுன்னா நான் தவ்பா செஞ்சு அல்லாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன் அஜ்ரத்" என்றாள் ஜொகரா. அவர் கையேந்தி ஒரு துஆ செய்துவிட்டுப் போனார்.

வண்டி எந்த வெள்ளிக்கிழமை கிளம்பும் என்பதைப் பம்ப்பின் அடியில் இருக்கும் கண்ணாடிக் கிண்ணம் காட்டிக் கொடுத்தது. பெட்ரோலோடு வரும் தூசி தங்குவதற்கான சின்னக் கிண்ணம் அது. சந்தைகள் தீர்ந்ததும் வறண்டு கிடந்தது, பிறகு ஒரு காலையில் ஒரு சொட்டு இருந்தது, அடுத்த நாள் இன்னொரு சொட்டு. பாலுக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடம் போகிற டீச்சரும் எட்டிப் பார்த்து, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெருவுக்குச் சொல்லிக்கொண்டு போனார்கள். கிண்ணம் முக்கால் ஆன வெள்ளிக்கிழமை, பாய் எந்தப் பாதையைப் பிடித்திருந்தாலும் தடங்கல் இருக்கக் கூடாது என்று ஊர் முழுவதும் எழுந்தது. மேல்பாதை, கீழ்பாதை, அருவிக்குப் போகும் மண்பாதை, எல்லா வளைவிலும் சிவப்புத் துணியோடு ஆட்கள் நின்றார்கள். பஸ்ஸைக் கீழே செக்போஸ்ட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆடுமாடுகளைக் கட்டிப் போட்டோம். அசர் பாங்கு சொல்லி முடித்ததும் மலையே வாயைப் பொத்திக்கொண்டது.

முற்றத்தில் பவுல்ராஜும் ஜெய்லானியும் மட்டும் இருந்தார்கள், அஜ்ரத் கேட்டுக்கு வெளியே நின்றார். ஜொகரா நிலைப்படியில் நின்றாள். கிண்ணம் நிறைந்தது. கொட்டகையில் வண்டி ஒரு முறை இருமி, பிறகு உறுமியது. சாலைக்கு நேராகப் பாய்ந்து போகும் என்று ஜெய்லானி ஓடிப் போய்க் கேட்டை அகலத் திறந்தார். வண்டியோ பின்னால் நகர்ந்து, கோழிக்கூட்டைச் சுற்றி ஒடித்து, முற்றத்தைக் கடந்து வந்து, இடது பக்கக் கதவு வீட்டு வாசலுக்கு நேராக வரும்படி, அவள் ஒரு எட்டு வைத்தால் ஏறிவிடலாம் என்கிற அளவுக்கு ஒட்டி நின்றது. அது அந்த வீட்டு வாசலுக்கு அவ்வளவு பக்கத்தில் வந்ததே இல்லை.

"ஏறுக்கா" என்றார் பவுல்ராஜ். "எவ்வளவு நேரம் பிரேக்குல நிப்பாட்டுனாரோ, தெரியாது. கெளம்பிரும்."

ஜொகரா ஏறிக் கதவைச் சாத்தினாள். வண்டி விர்ரென்று உறுமியது. கிளம்பப் போகிறது என்று அவள் கண்ணை மூடி முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கிளம்பவில்லை. சத்தம் தணிந்து, என்ஜின் தடுமாறி, அணையப் போகும் நேரத்தில் மறுபடியும் விர்ர். அப்போதும் கிளம்பவில்லை. கேட்டில் நின்ற ஜெய்லானி ஒவ்வொரு உறுமலுக்கும் கையைத் தூக்கித் தூக்கி இறக்கினார். அவரைப் பார்த்து முதல் வளைவுக்காரர் துணியை ஆட்ட, அவரைப் பார்த்து அடுத்தவர் ஆட்ட, மலை நெடுகச் சிவப்பாக அலைந்து அலைந்து அடங்கியது.

அந்த வண்டி நிறுத்தி வைத்தால் தானாக ஓடிக்கொண்டிருக்காது. கார்பரேட்டரில் மெதுவான ஓட்டத்துக்கு என்று தனியாக ஒரு சின்ன ஜெட் உண்டு, அதன் துளை என்றைக்கோ தேய்ந்து அகன்றுவிட்டது, பவுல்ராஜ் செய்யாத வைத்தியம் இல்லை. நிற்கும்போது யாராவது காலை வைத்து அவ்வப்போது ஒரு மிதி மிதித்துக்கொண்டிருந்தால்தான் அணையாமல் நிற்கும். முதலில் பவுல்ராஜுக்குத்தான் அது உறைத்தது. பானெட்டின்மேல் கையை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா" என்றார். "கியரே விழல. பாய் நிப்பாட்டி வச்சுக்கிட்டு மிதிச்சுக்கிட்டே இருக்காரு."

ஜொகரா கம்பியிலிருந்து கையை எடுத்தாள். ஓட்டுநர் இருக்கைப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அங்கே ஆள் இருந்தால் எப்படிப் பேசுவாளோ அப்படிப் பேசினாள்.

"ஜாக்கெட்டு கெடைக்கல மச்சான். கடைசியில எங்க இருந்துச்சு தெரியுமா? கொடியில. நானே தொவச்சுப் போட்டிருக்கேன். ஒங்களுக்கு ஒரு சத்தம் குடுத்திருக்கலாம், குடுக்கல."

விர்ர் என்றது வண்டி.

"எங்க போகணும்னு கேக்கத்தான நிக்கிறீங்க? எங்கயும் வேணாம். இப்படியே கொஞ்ச நேரம் இருப்போம்."

இருந்தார்கள். வெயில் கொட்டகைத் தகரத்திலிருந்து இறங்கிக் கிணற்றடிக்குப் போனது. அவள் என்னென்னவோ பேசினாள். கோழி அடைகாப்பது, ஜெய்லானி நன்றாகப் பார்த்துக்கொள்வது, ஜனங்கள் சந்தைக்குச் சரக்கோடு நின்றது. எங்களுக்குத் தெரிந்து அவள் அப்படி நிற்காமல் பேசியது அன்றைக்குத்தான், பாய் ஒரு முறைகூட அலுத்துக்கொள்ளாமல் மிதித்துக்கொண்டிருந்ததும் அன்றைக்குத்தான். பிறகு மிதிகளுக்கு நடுவே இடைவெளி கூடியது. ஒரு தடவை என்ஜின் அணையும் தறுவாய்க்குப் போய், சின்னதாக ஒரு மிதி வந்து தூக்கிவிட்டது. அவள் பேச்சை நிறுத்தி, காலி இருக்கையில் கையை வைத்தாள். அடுத்த மிதி வரவில்லை. என்ஜின் தடுமாறியது, இரண்டு முறை குலுங்கியது, நின்றுவிட்டது.

அந்தி மஃரிப் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. வழக்கத்தில் பவுல்ராஜ் குனிந்து கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தார், கார்பரேட்டரை விரலால் தட்டிப் பார்த்தார், நிமிர்ந்து சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார்.

"பெட்ரோல் இருக்குக்கா" என்றார். "கிண்ணம் நெறய இருக்கு. கார்பரேட்டர்லயும் இருக்கு. பாய்தான் மிதிக்கறத விட்டுட்டாரு."

ஜொகரா தலையசைத்தாள். ஓர் உயிர் பிரிந்ததும் சொல்கிற, அன்றைக்குப் பக்கத்தில் இருந்து சொல்லக் கிடைக்காத வார்த்தைகளை, இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன் என்று, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். பிறகு கதவைத் திறந்து, ஒரே எட்டில் வீட்டுக்குள் கால் வைத்து, நிலைப்படியில் நின்று திரும்பினாள்.

"விட்டுட்டுப் போகல, பாத்தியா பவுலு" என்றாள்.